லொறி எங்கே நிற்கிறது என்று அனுப்பியவருக்கும் தெரியட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சரக்குப் போக்குவரத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கொள்கலன், துறைமுகம் பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவிலிருந்து தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகும் பப்பாசி லொறியைப் பற்றியும் யாராவது எழுத வேண்டாமா?

மஞ்சள் கீறு விழுந்த காயாகப் பார்த்துப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றி, பொழுதுபட லொறியில் அடுக்குவோம். லொறி பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறி, வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை தாண்டி விடியமுன் சந்தைக்குப் போய்ச் சேரும். அங்கே எத்தனை கிலோ நின்றது, என்ன விலை போனது என்பதெல்லாம் பிறகு கைக்கு வரும் சிட்டையில் எழுதியிருப்பதுதான். அண்மையில் நான் அனுப்பியதில் நல்ல பங்கு ‘பழுது’ என்று எழுதி வந்தது. லொறி வழியில் மணிக்கணக்காக நின்றதா, இறக்கத் தாமதித்தார்களா, காயிலேதான் பிழையா? யாரிடம் கேட்பது?

இத்தனைக்கும் பல லொறிகளில் ஜிபிஎஸ் கருவி பூட்டியிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நின்றது என்று உரிமையாளர் வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் பார்க்கிறார். உள்ளே இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் மட்டும் ஒன்றும் தெரியாமல் இருக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

வன்னியில் சிக்னல் கிடைக்காதே என்பார்கள். ஜிபிஎஸ் இடத்தைக் கணிப்பது செய்மதிகளை வைத்து; 4 செய்மதிகள் எட்டினால் போதும். தகவலை அனுப்பத்தான் தொலைபேசிக் கோபுரம் வேண்டும். காட்டு வழியில் சிக்னல் விட்டுப்போனால் பதிவைத் தன்னிடமே வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் சனத்துக்கு விளங்காது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்தபோது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஐயாமாரும் அதைக் காட்டித்தானே பெற்றோல் அடித்தார்கள்.

கருவி பூட்டினால் மட்டும் காய் நசியாமல் போய்ச் சேராது, அதையும் சொல்ல வேண்டும். 2011 கடைசியில் மரக்கறி, பழங்களைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கூடைக்குக் காசு யார் போடுவது என்பது நியாயமான கேள்விதான். கூட்டுறவுச் சங்கம் பொதுவில் வாங்கி, ஒவ்வொரு கூடையிலும் பார்கோட் ஒட்டிவிட்டால், எது யாரிடம் நிற்கிறது என்று தெரியும், திருப்பி வாங்கவும் முடியும். முல்லைத்தீவு மீனுக்கு ஐஸ் பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பநிலைப் பதிகருவி வைத்தால், மீன் எந்த இடத்தில் சூடேறியது என்பது மணிக்கணக்கோடு வரும்.

நான் கேட்பது பெரிய செயலி ஒன்றும் இல்லை. ஏற்றும்போது நிறை, சந்தையில் இறக்கிய நேரம், அங்கே நிறுத்த நிறையும் விலையும். இவ்வளவும் தமிழில் குறுஞ்செய்தியாக, சாதாரண போனுக்கு வந்தால் போதும். நூறு கிலோ கொடுத்தால் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு மிச்சத்துக்கே காசு தரும் வழக்கத்தோடு வடக்குச் சந்தைகளில் எத்தனை காலமாக மல்லுக்கட்டுகிறோம்! இரண்டு பக்க நிறையும் பதிவில் இருந்தால் பேசக் கையில் ஆதாரம் இருக்கும். மாகாண விவசாயத் திணைக்களமும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து, முதலில் விசுவமடு–தம்புள்ளை லொறிகளில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
விசுவமடு