கணேசனுக்கு, அப்பெல்ஃபெல்டைப் பற்றிக் கொஞ்சம்

தஞ்சாவூர்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம், எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் போனதென்றே தெரியாத நிலைமை. மற்றபடி சுகம்தான். பெரியவள் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். உன் சர்க்கரையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் வாழ்க்கைக் கதை எட்டு வயதோடு நின்றுபோயிருக்கிறதாமே. அம்மா தவறிப்போன வருஷம் முழுக்கக் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் எழுதினால் பொய்யாகிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். நான் இப்போது ஆரோன் அப்பெல்ஃபெல்ட் என்ற இஸ்ரேல் நாட்டு எழுத்தாளரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு நேர்ந்ததையும் நம் வீட்டுச் சாவுகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் எழுத உட்காரும்போது வரும் முட்டுக்கட்டை ஏறக்குறைய உன்னுடையதுதான்.

1932இல் செர்னோவிட்ஸ் பக்கத்தில் பிறந்தவர். இன்றைக்கு அது உக்ரைன், அப்போது ருமேனியா, அதற்கும் முன்னால் ஆஸ்திரியப் பேரரசு. ஊர் நகராமலே தேசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது பார். ஒரே பிள்ளை, வசதியான யூதக் குடும்பம். வீட்டில் ஜெர்மன்தான் பேச்சு. கோடை விடுமுறைக்குக் கார்பேத்திய மலையில் தாத்தா பாட்டி ஊருக்குப் போவார்கள். அங்கே தின்ற ஸ்ட்ராபெரிதான் அவருக்கு முதல் ஞாபகம். தாத்தா பக்தி மிகுந்தவர். அப்பா அம்மாவோ சாமி, சடங்கு எல்லாவற்றையும் விட்டு விலகி, தங்களை ஐரோப்பியர் என்றே நினைத்துக்கொண்டவர்கள்.

நடுவில் ஒரு வருஷம் சோவியத் கையில் இருந்த அந்தப் பக்கத்துக்கு, 1941 கோடையில் ஹிட்லரோடு சேர்ந்த ருமேனியப் படை திரும்பி வந்தது. பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி, படுக்கையில் கிடக்கிறான். வெளியே துப்பாக்கிச் சத்தம், அம்மாவின் அலறல். ஜன்னல் வழியாகக் குதித்துச் சோளக்கொல்லைக்குள் ஓடினான். அம்மா கொல்லப்பட்டதை அவன் பார்க்கவில்லை, காதால் கேட்டான். பின்னாளில் எத்தனையோ தாய்மார்களை அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சாவை மட்டும் ஒரு ஓசையாகத்தான் விட்டுவைத்தார்.

பிறகு அப்பாவும் பிள்ளையும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு நடத்திக்கொண்டு போகப்பட்டார்கள். டினிஸ்டர் ஆற்றுக்கும் பூக் ஆற்றுக்கும் நடுவில் ருமேனியர்கள் நிர்வாகம் செய்த நிலம் அது. போலந்தில் ஜெர்மானியர் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாம் போல விஷவாயு அறைகள் அங்கே இல்லை. பசியும் குளிரும் டைபஸ் காய்ச்சலும் சேற்றில் நடந்த நடையும் அந்த வேலையைச் செய்தன, சுட்டுக் கொன்றதும் உண்டு. செர்னோவிட்ஸ்காரரான கவிஞர் பால் செலானின் தாய் தகப்பனும் அந்த நிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டுத்தான் மாண்டார்கள். நம் ஊரில் யூதப் படுகொலை என்றால் ஜெர்மனி, போலந்து என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ருமேனியாவின் கணக்கு அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை.

முகாமில் அப்பாவையும் பிரித்துவிட்டார்கள். பையன் தப்பி ஓடினான். அப்போது அவனுக்குப் பத்து வயது, படிப்பு ஒன்றாம் வகுப்பு. பொன்னிறத் தலைமுடியும், வீட்டு வேலைக்காரிகளிடம் கற்ற உக்ரைன் பேச்சும் கைகொடுத்தன. யூதன் என்பதை மறைத்துக்கொண்டு, கிராமத்து விலைமகள் ஒருத்தியின் வீட்டில் எடுபிடி வேலை பார்த்தான். குதிரைத் திருடர்களோடு கொஞ்ச காலம் இருந்தான். மற்ற நாளெல்லாம் காடு. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் பேசுவதையே குறைத்துக்கொண்டான். எதிரில் வருகிறவன் முகத்தையும் கையையும் பார்த்தே ஆளை எடைபோடப் பழகினான். 1944இல் சோவியத் படை வந்தபோது அவர்கள் சமையல்கூடத்தில் ஒட்டிக்கொண்டான். அங்கிருந்து இத்தாலி, அப்புறம் கப்பலேறி 1946இல் பாலஸ்தீனம்.

இந்தக் கதையை இப்படியே எழுதினால் யாருக்கும் படிக்கக் கசக்காது, இல்லையா? அவரும் நடந்ததை நடந்தபடி பலமுறை எழுதிப் பார்த்தாராம். எழுத்து தேறவே இல்லை. நிஜம் கற்பனையைவிட அதீதமாக இருந்தது. உண்மையை அப்படியே எழுதினால் ஒருவனும் நம்பமாட்டான் என்று அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்திடம் சொல்லியிருக்கிறார். ஆகவே கதையைத் தன்னிடமிருந்து பிடுங்கி, தன்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். 'ட்ஸிலி' என்ற குறுநாவல் அது. மந்தபுத்தி என்று வீட்டார் ஒதுக்கிவைத்த பெண். எல்லோரும் தப்பி ஓடும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் கேட்கும்போது ஊர்த் தாசியின் மகள் என்று சொல்லிச் சொல்லியே அவள் உயிர் பிழைக்கிறாள். தேதி கிடையாது, முகாம் காட்சி கிடையாது. சின்னச் சின்ன வாக்கியம். இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

எல்லாமே பிடித்தது என்று நினைக்காதே. 'பேடன்ஹைம் 1939' அவருக்குப் பெரும்புகழ் தந்த நாவல். ஆஸ்திரியாவில் ஒரு உல்லாச ஊர், கோடை இசை விழா. சுகாதார இலாகா யூதர்களை மட்டும் பதிவு செய்யச் சொல்கிறது. இவர்கள் கேக் தின்றுகொண்டு கச்சேரியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் அழுக்குச் சரக்கு ரயில் வந்து நிற்கிறது. பெட்டி இத்தனை அழுக்காக இருப்பதால் பயணம் கிட்டத்தில்தான் இருக்கும் என்கிறார் விழா நடத்துகிறவர். வயிற்றைப் பிசைகிற இடம்தான். ஆனாலும் செத்தவர்களின் அசட்டுத்தனத்தையே இவ்வளவு நேரம் காட்ட வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. கொன்றவர்கள் முகமே காட்டாமல் நழுவிவிடுகிறார்களே. நீ வக்கீல் புத்தியோடு அவர் பக்கம் பேசுவாய், தெரியும்.

மூளையைவிட உடம்புக்குத்தான் போர்க்காலம் நினைவிருக்கிறது என்று தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். மக்கிய வைக்கோல் நாற்றம் போதும், ஆள் அங்கே போய்விடுவார். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் மறந்துபோனவர் நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியிருக்கிறார், கணேசா. 1983இல் அந்த நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசு வாங்கினார். 2018 ஜனவரியில் காலமானார்.

கடைசியாக ஒன்று. செத்துவிட்டார் என்று நினைத்திருந்த அப்பா உயிரோடு இருந்தார். பல வருஷம் கழித்து, இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தவர்களின் பட்டியலில் பெயரைப் பார்த்துத் தேடிப் போனார் மகன். குடியேறிகளுக்கான தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் அப்பா இருந்தார். இருவரும் பார்த்துக்கொண்ட அந்த நாளைப் பற்றி மட்டும் எழுத முடிந்ததே இல்லையாம். அலறலைச் சோளக்கொல்லை வரைக்கும் எழுதியவருக்கு, இது கைவரவில்லை.

உனக்கு என் யோசனை இதுதான். எட்டு வயதை அப்படியே விட்டுவிட்டு, சித்தி வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து மேலே எழுது. எட்டு திரும்பி வந்தால் வரட்டும், வராவிட்டால் புத்தகத்தில் அந்த இடம் காலியாக இருக்கட்டும். அதற்காக யாரும் உன்மேல் கேஸ் போடப்போவதில்லை. பெயரை மாற்றி எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாற்றினால் என்னையும் கொஞ்சம் உயரமாகக் காட்டு.

'ட்ஸிலி'யைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷ்தான், எளிமையாக இருக்கும். திருப்பி அனுப்பும்போது ரயில்வே காலனி அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வை. போனில் வாசித்துக் காட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், எனக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

அன்புடன்,
முருகேசன்