பஸ் மாறுவதற்கு மட்டும் அல்ல, வவுனியா

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரப் பதிப்பில் வந்த வடபகுதிப் பயணக் கட்டுரையில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. வவுனியாவில் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தார்களாம், பஸ் மாறினார்களாம், அவ்வளவுதான். கட்டுரையாளரில் முழுப் பிழையும் சொல்ல மாட்டேன். 1990க்குப் பிறகு, போரால், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் பல வருசம் இங்கேயே நின்று திரும்பியது. தாண்டிக்குளம், ஓமந்தை என்று சோதனைச் சாவடிக்குக் காத்துக் கிடந்த ஊராகத்தான் எங்களைப் பலருக்குத் தெரியும். 2014இல் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போகத் தொடங்கியதும் காத்துக் கிடக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

அடுத்த முறை ஒரு பின்னேரத்தை எங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கடைப் பலகைகளில் உள்ள முகவரிகளை வாசித்துக்கொண்டு போனாலே போதும். வைரவப்புளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், கோவில்குளம். பெயரில் குளம் இருந்தால் அந்தக் குளம் எங்கே என்று விசாரியுங்கள். குளத்தை நம்பி இருந்த கிராமங்கள் ஒன்றோடொன்று முட்டி வளர்ந்ததுதான் இந்த நகரம்.

நான் இருப்பது வைரவப்புளியங்குளத்தில். புகையிரத நிலையப் பக்கம். பின்னேரமானால் வீதி முழுக்க ரியூசன் பிள்ளைகளின் சைக்கிள்கள். நடக்க இடமிருக்காது, பழகிவிட்டோம். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் குளக்கட்டில் ஏறினால் காற்று வேறு. தைப்பொங்கலை ஒட்டி வந்தால் தண்ணீர் தளும்பி நிற்கும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவிட்டுக்கொண்டு இருக்கும். ஆவணியில் வந்தால் மாடு மேய்வதைத்தான் பார்ப்பீர்கள், பிறகு என்னைத் திட்டக்கூடாது. வழியில் வடை வாங்குங்கள். உழுந்து இந்த மாவட்டத்து மண்ணிலேயே விளைவது.

கோவில்குளத்துச் சிவன் கோயில், கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் சிலை, தொல்பொருள் அருங்காட்சியகம் இவற்றையும் பார்க்கலாம்தான். ஆனால் எனக்குக் குளங்கள்தான் முக்கியம்.

ஏனென்றால் இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேற்குளம் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வழியும் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வயல் வழியாகக் கீழ்க்குளத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. இப்போது அலைகரையில், அதாவது குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறும் ஓரத்தில், வீடு, வாய்க்காலில் மதில், கரையில் குப்பைப் பை. வவுனியாக் குளத்தில் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பியபோது ஊரவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், அதுவும் செய்தியாக வந்தது. எங்கள் ஒழுங்கையில் கார்த்திகை மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, "வடிகான் சரியில்லை" என்றுதான் எல்லாரும் பேசினார்கள். வாய்க்கால் போன இடத்தில் கேற் போட்டிருப்பதை ஒருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டு மதிலும் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் வெளியூர் ஆட்கள் பார்க்க வந்தால், குப்பை போடுகிறவருக்கு ஒரு கூச்சமாவது வரும் என்று எனக்கொரு நப்பாசை.

கட்டுரையாளர் திரும்ப வருவதென்றால் ஐந்து மணிக்குப் பிறகு வரட்டும். அதற்கு முன் குளக்கட்டில் வெயில் தாங்காது. ரயிலில் வந்தால் ஓட்டோ தேவையில்லை, நடக்கிற தூரம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வைரவப்புளியங்குளம், வவுனியா