இரவில் ஓடும் இணையம்: தஞ்சாவூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

மண்டபம்,
ஐப்பசி மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகன் வந்து பார்த்துவிட்டுக் கணினிக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனதிலிருந்து உனக்குத் தூக்கமே இல்லை என்றும், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் ரவுட்டரின் விளக்கு விடாமல் மினுங்குவதால் படுக்கப் போகும்முன் அதன் இணைப்பையே பிடுங்கிவிடுகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் வந்த, உன் கணினி தொடர்புகொண்டிருந்த மற்றக் கணினிகளின் ஐபி முகவரிகளை எல்லாம் உன் வழக்கமான முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய். பாதிக்கு மேல் அமெரிக்கா, ஒன்றிரண்டு சிங்கப்பூர், ஒன்று அயர்லாந்து என்று மருமகன் பக்கத்திலேயே குறித்திருக்கிறார்.

இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வடகடலில் அலை கூடிவிட்டதால் எங்கள் தெருக்காரர்களில் பலர் வள்ளத்தைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். காற்றின் வேகம் பார்க்க, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிலையத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பார்க்க, வங்கிக்கு விண்ணப்பம் போட என்று யாராவது ஒருவர் என் கணினியின் முன் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார். பலர் புழங்கும் கணினி என்பதால்தான் அதில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு வந்தது. உன் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் பட்டியலில் முகவரி இருக்கிறது, நாடு இருக்கிறது. அந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கும் நிரல் எது என்பது மட்டும் இல்லை. அது இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. அடுத்த முறை அதே கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஏ, என், ஓ ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்துத் தட்டு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் வரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் அந்த எண்ணுக்கு நேரே நிரலின் பெயர் இருக்கும். உலாவியா, வைரஸ் தடுப்பா, விண்டோஸின் சொந்த வேலையா என்று அப்போது தெரிந்துவிடும்.

நாட்டின் பெயரைப் பார்த்து மருமகன் பயந்ததில் வியப்பில்லை, எல்லோரும் அங்கேதான் பயப்படுகிறார்கள். ஆனால் ஒரு முகவரி எந்த நாட்டுக்குரியது என்று சொல்லும் தளங்கள் பெரும்பாலும் அதை வாங்கிய நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதையே காட்டுகின்றன. பெரிய நிறுவனங்கள் தங்கள் பக்கங்களின் பிரதிகளை மும்பையிலும் சென்னையிலும் உள்ள கணினிகளில் வைத்து, அருகிலிருப்பவருக்கு அங்கிருந்தே அனுப்புகின்றன. முகவரி அமெரிக்க நிறுவனத்துடையது, கணினி இருப்பது நம் ஊர்ப் பக்கம். இதைச் சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. இணையத் தகவலைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடியாவது (ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி) ஆகும். அமெரிக்கா நமக்கு 12,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், அங்கே போய்த் திரும்பும் ஒரு பதில் 120 மில்லி விநாடிக்குள் வரவே முடியாது. உன் பட்டியலில் அமெரிக்கா என்று குறித்திருக்கும் ஒரு முகவரியிலிருந்து 18 மில்லி விநாடியில் பதில் வருகிறதென்றால், பதிவேடு என்ன சொன்னாலும் சரி, அந்தக் கணினி 1,800 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. அயர்லாந்து முகவரி உண்மையிலேயே அயர்லாந்தில் இருக்கக்கூடும். மைக்ரோசாஃப்டின் பெரிய தரவு மையம் ஒன்று டப்ளினில் இருக்கிறது, விண்டோஸ் அங்கே போய்வருவதில் மர்மம் ஒன்றுமில்லை.

இந்த மில்லி விநாடியை எங்கே பார்ப்பது என்று கேட்பாய். அதற்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே இடம் போதும்: விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலிருந்தே அதைத் திறக்கலாம். உள்ளே நெட்வொர்க் என்ற தாவலைத் தட்டினால் நான்கு பெட்டிகள் வரும். முதல் பெட்டியில் இந்த நிமிடம் இணையத்தைப் பயன்படுத்தும் நிரல்கள். இரண்டாவதில் ஒவ்வொரு நிரலும் எந்த முகவரிக்கு எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு பெறுகிறது. மூன்றாவதில் டிசிபி என்ற அனுப்பும் முறையில் போகும் இணைப்புகள், அவற்றின் தாமதம், வழியில் தொலைந்த பாக்கெட்டுகளின், அதாவது தகவலின் சிறு துண்டுகளின், விழுக்காடு. நான்காவதில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்களா என்று காத்திருக்கும் போர்ட்டுகள், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசல்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இதைவிட அதிகமாக உனக்கு இப்போது சொல்லிவிடாது.

அளவில் ஒரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். டாஸ்க் மேனேஜர் பிட் கணக்கில் காட்டுகிறது, ரிசோர்ஸ் மானிட்டர் பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியவனுக்கு, பைட் கணக்கில் பார்த்தால் விநாடிக்கு 5 மெகாபைட்டுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு நிறுவனத்தோடு சண்டை போடப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எண்களைவிட எனக்கு அதிகம் உதவுவது, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இணையப் போக்குவரத்தைக் காட்டி ஓடும் கோட்டின் வடிவம். கரையில் நின்றபடியே நீரின் நிறத்தையும் அலை மடியும் விதத்தையும் பார்த்து இன்றைக்குக் கடல் எப்படி என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் இங்கே உண்டு. கொஞ்ச நாள் பார்த்தால் இந்தக் கோட்டையும் அப்படிப் படிக்கலாம். இணையத்தில் படம் பார்க்கும்போது கோடு ஒரே சீராகப் போகாது. சில விநாடிகளுக்குத் தேவையான காட்சியை ஒரே மூச்சில் இழுத்துவைத்துக்கொண்டு அடியோடு இறங்கிவிடும், மறுபடி எழும்பும். வரிசையாகக் கூர்முனைகள் தெரியும். மகளோடு வீடியோ அழைப்பில் பேசினால் அனுப்புவதும் பெறுவதும் இரண்டுமே இடைவிடாமல் மிதமான உயரத்தில் ஓடும். பெரிய அப்டேட் இறங்கும்போது கோடு உச்சிக்கு ஏறி அங்கேயே தட்டையாக நிற்கும். பேத்தியின் பிறந்தநாள் படங்கள் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு ஏறும்போது அனுப்பும் கோடு மட்டும் உயர்ந்திருக்கும். படம் பார்க்கும்போது ரிசோர்ஸ் மானிட்டரின் மூன்றாவது பெட்டியில் அதற்கான வரி சில சமயம் தென்படாது. 2022-இல் தரமாக ஏற்கப்பட்ட எச்டிடிபி 3 என்ற, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் முறை டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்ற வேறோர் அனுப்பும் முறை வழியே போவதுதான் காரணம். அதை இரண்டாவது பெட்டியில் தேடு.

இனி உன் நள்ளிரவு விளக்கு. இன்றிரவு கணினியை அணைக்காமல், உலாவியை மூடிவிட்டு, ரிசோர்ஸ் மானிட்டரை மட்டும் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் பார். பெரும்பாலும் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர்தான் மேலே நிற்கும். அது ஒரு தனி நிரல் அன்று; விண்டோஸின் பல சேவைகளை வைத்து நடத்தும் கூடு. தீங்கு செய்யும் நிரல்களும் இதே பெயரை வைத்துக்கொள்வதுண்டு என்பதால், டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் வலது பொத்தானை அழுத்திக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம் 32 என்ற இடத்தில் இருந்தால் பெயர் உண்மைதான் என்று நம்பலாம்; தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் கோப்புறையிலோ பதிவிறக்கக் கோப்புறையிலோ இருந்தால் மருமகன் சொன்னது சரிதான், உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்.

சரியான இடத்தில் இருந்தும் நிறைய அனுப்பிக்கொண்டிருந்தால் என்னவென்று கேட்கலாம். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீ இறக்கிவைத்த அப்டேட்டின் துண்டுகளை உன் கணினியே மற்றக் கணினிகளுக்கு அனுப்பித் தரும். அமைப்பைப் பொறுத்து அவை உன் வீட்டுக் கணினிகளாகவும் இருக்கலாம், முன்பின் தெரியாதவர்களுடையவையாகவும் இருக்கலாம். அப்டேட் அமைப்புகளுக்குள் போய் அதை வீட்டு வலையமைப்போடு நிறுத்திவிடலாம், முழுக்கவும் அணைத்துவிடலாம். என் பைசாவில் வாங்கிய டேட்டாவை என்னைக் கேட்டுவிட்டுச் செலவழிப்பதுதான் முறை என்று நினைப்பவன் நான், ஆகவே அணைத்துவிட்டேன். மின்தடையின்போது நீ கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைவதாக எழுதியிருந்தாய். அந்த இணைப்பை மட்டும் மீட்டர்டு, அதாவது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது, என்று குறித்துவை. பெரும்பாலான அப்டேட்டுகள் தாமே இறங்காமல் காத்திருக்கும், நாளொன்றுக்குரிய அளவு காலையிலேயே தீர்ந்துபோகாது. கடந்த 30 நாளில் எந்த நிரல் எவ்வளவு செலவழித்தது என்ற கணக்கும் அமைப்புகளுக்குள் டேட்டா யூஸேஜ் பக்கத்தில் இருக்கிறது.

நான்காவது பெட்டியையும் ஒரு முறை பார். லூப்பேக் என்று காட்டும் முகவரியில் (127.0.0.1) காத்திருப்பவை உன் கணினிக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை, விட்டுவிடு. எல்லா முகவரிகளிலும் காத்திருப்பவற்றை மட்டும் கவனி. 445 என்ற போர்ட் அங்கே இருக்கும், கோப்புகளைப் பகிர்வதற்கானது. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது இந்த வழியில்தான். அப்டேட் போட்ட கணினியும் ரவுட்டரும் இருக்கும்வரை வெளியிலிருந்து யாரும் அதை எளிதில் தொட முடியாது. அதற்காகத்தான் அப்டேட்டுகளை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடாதே என்கிறேன். இரவில் அவை ஓடுவது தொல்லையாக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்.

பாக்கெட் தொலையும் விழுக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் சில நாள் பக்கங்கள் பாதியில் நின்றன. சேவை நிறுவனத்திலிருந்து வந்தவர் மோடத்தை மாற்ற வேண்டும், இரண்டாயிரம் ஆகும் என்றார். மூன்றாவது பெட்டியில் பார்த்தால் எந்த முகவரியானாலும் பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் தொலைந்தால் கோளாறு அந்தப் பக்கம், எல்லாவற்றுக்கும் தொலைந்தால் கோளாறு நம் பக்கம். நெட்ஸ்டாட்டோடு, முன்போலவே கழித்தல் குறியிட்டு, ஈ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துத் தட்டினேன், பிழைகளுக்கான எண் நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. திண்ணையோரமாக வரும் லேன் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, எட்டுக் கம்பிகளில் இரண்டின் நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புக் காற்றுக்கு விலை மலிந்த முனை எத்தனை நாள் தாங்கும்? முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் பிழை எண் ஏறுவது நின்றுவிட்டது. உங்கள் தஞ்சாவூரில் இந்தத் தொல்லை குறைவு.

உன் விளக்கு மினுங்குவதற்குக் கணினியே காரணமாக இல்லாமலும் போகலாம். இதுவரை சொன்ன கருவிகள் எல்லாம் இந்த ஒரு கணினியின் போக்குவரத்தை மட்டுமே காட்டும். வீட்டில் மூன்று கைப்பேசியும் தொலைக்காட்சியும் அதே ரவுட்டரில்தான் தொங்குகின்றன; கைப்பேசிகள் மின்னேற்றத்தில் இருக்கும் இரவு நேரம் பார்த்துப் பல சமயம் படங்களை மேலேற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும். ஆகவே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார். தெரியாத பெயர் ஒன்று இருந்தால் பதறாதே. இப்போதைய கைப்பேசிகள் தங்கள் அடையாள எண்ணான மேக் முகவரியை மறைத்துத் தற்செயலான ஒன்றை வைத்துக்கொள்கின்றன. வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எல்லாம் அணைந்த பிறகும் அந்தப் பெயர் அங்கேயே நின்றால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடு.

மருமகன் வயர்ஷார்க் நிறுவித் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். 1998-இல் ஜெரால்டு கோம்ஸ் என்பவர் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்ட அருமையான கருவி அது. 2006-இல்தான் இந்தப் பெயர் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து வைத்துக் காட்டும். ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கப்பட்டு 443 போர்ட் வழியே போவதால், எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டுப் போகிறது என்பதுவரைதான் அதில் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நிறுவ ஆசையிருந்தால் நிறுவட்டும், நீ முதலில் ரிசோர்ஸ் மானிட்டரைப் பழகு.

இரவு ரவுட்டரை மாட்டிவைத்துப் பார்த்துவிட்டு, மேலே நிற்கும் நிரலின் பெயர், கோப்பு இருக்கும் இடம், அனுப்பும் அளவு, அப்போது மணி என்ன, இந்த நான்கையும் எழுதி அனுப்பு. முகவரிகளை எழுதிக் கை வலிக்க வேண்டாம். தையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருவதாகச் சொன்னாயே, மருமகனையும் அழைத்து வா; என் கணினியிலேயே உட்காரவைத்துக் காட்டுகிறேன்.

என்றும் அன்புடன்,
மண்டபத்து நண்பன்