எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை ஒரே ஆல்பம்

மந்தைவெளி,
சென்னை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி வரும் ஜூனில் எல்கேஜி சேரப்போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒரு ஆல்பம் செய்ய ஆசை, பிறந்தநாள், மொட்டை, காதுகுத்து, விழுந்த பல் என்று எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்: ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் போகிற முதல் நாள். மொட்டையும் காதுகுத்தும் ஒரு தடவையோடு முடிகிற விசேஷங்கள், அவற்றுக்கு வீட்டு ஆல்பம் போதும். திரும்பத் திரும்ப வருகிற நாளை ஒரே இடத்தில், ஒரே அளவில் பிடித்து வைத்தால்தான் பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

எல்கேஜி, யுகேஜி, அப்புறம் பன்னிரண்டு வகுப்பு, ஆக 14 வருஷம். வருஷத்துக்கு எதிரெதிர் இரண்டு பக்கம். முதல் தாளின் முன்பக்கம் தலைப்புக்குப் போய்விடும், கடைசித் தாளின் பின்பக்கம் காலி. அதனால் 15 தாள் வேண்டும். எல்லாவற்றையும் இப்போதே கட்டிவிடு. வருஷா வருஷம் தாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாலாம் வருஷம் அதே அட்டை கடையில் இருக்காது. காலிப் பக்கம் காத்திருந்தால் ஜூன் மாதம் அதுவே ஞாபகப்படுத்தும்.

அட்டைக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருதான். தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலில் கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, பெரும்பாலும் கடை மூடியிருக்கும். 300 ஜிஎஸ்எம் கனம், வெள்ளை, வழுவழுப்பு இல்லாதது, முடிந்தால் ஆசிட் ஃப்ரீ, அதாவது அமிலம் கலக்காதது, என்று கேள். கலர் சார்ட் வேண்டவே வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் சாயம் போட்டோவில் ஏறும். 22-க்கு 28 அங்குல அட்டை மூன்று வாங்கி, ஒவ்வொன்றையும் 22-ஐ இரண்டாகவும் 28-ஐ மூன்றாகவும் கடையிலேயே மெஷினில் வெட்டச் சொல். 11-க்கு ஒன்பதேகால் அங்குலத்தில் 18 துண்டு வரும். 15 துண்டு தாளுக்கு, இரண்டு துண்டு தாள்களுக்கு நடுவே வைக்கும் இடைப்பட்டிக்கு, ஒன்று இடம் குறிக்கும் அச்சுக்கு.

இடைப்பட்டியை மட்டும் விட்டுவிடாதே. வெறும் தாளைக் கட்டி உள்ளே போட்டோவை ஒட்டினால் ஆல்பம் கட்டும் பக்கம் ஒல்லியாகவும் திறக்கும் பக்கம் தடியாகவும் ஆகி, மூடாமல் விரிந்தே நிற்கும். ஒன்பதேகால் அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்தில் பட்டிகள் வெட்டி, இரண்டு தாளுக்கு நடுவில் ஒன்றாக 14 வை. பட்டியிலும் தாளிலும் ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை, ஒரு தடவைக்கு இரண்டு தாளுக்கு மேல் வேண்டாம், ஓட்டை நகர்ந்துவிடும். ஓட்டைப் பக்க ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டரில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கோடு இழு. இல்லாவிட்டால் இந்தக் கனத் தாள் புரளாது, ஓட்டை கிழியும். தட்டையான ஷூ லேஸ் போட்டுக் கட்டு. ஸ்பைரல் வேண்டாம், நாளாக நாளாக ஓட்டை ஓரம் அறுந்துபோகும். மேலட்டைக்கு மில் போர்டு என்ற கெட்டி அட்டையும் அதன் மேல் ஒட்டும் காலிகோ துணியும், அதை பைண்டிங் கடைக்காரரே செய்து தருவார்.

மீந்த ஒரு துண்டில் போட்டோவும் அவள் எழுதும் சீட்டும் வரும் இடங்களை ஜன்னல் மாதிரி வெட்டி அச்சாக வைத்துக்கொள். எந்த வருஷமானாலும் அதைப் பக்கத்தின் மேல் வைத்துப் பென்சிலால் மெல்லக் குறித்தால் போட்டோ இம்மி நகராது.

இடது பக்கம் ஒரு 4-க்கு 6 அங்குலப் போட்டோ, பக்கத்தில் அதே அளவு சீட்டு. போட்டோ எப்போதும் ஒரே வாசல் கதவுக்கு முன்னால், அவள் நெஞ்சு உயரத்துக்கு நீ குனிந்து எடுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். போன் படத்தின் விகிதம் 3-க்கு 4, பிரின்ட்டின் விகிதம் 2-க்கு 3. அதனால் நெட்டுவாக்கில் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், புத்தகப் பையை ஓரத்தில் வைக்காதே. வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கித்தான் வரும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல். நல்ல பிரின்ட்டுக்கு 1200-க்கு 1800 பிக்சலாவது வேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரின்ட்டரில் எடுத்தால் ஒரு ஈரக்கை பட்டாலே போச்சு, போட்டோ லேபில்தான் போட வேண்டும்.

சீட்டில் அவள் கையாலேயே பெயர், தேதி, "எனக்கு ரொம்பப் பிடித்தது" என்று ஒரு வரி. பிழை இருந்தால் திருத்தாதே! ழகரம் என்றைக்குத் தானாகச் சரியாகிறது என்று பார்க்கிறதுதான் இந்த ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. பென்சிலால் எழுதட்டும், அது வெளுக்காது. பல ஜெல் பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும்.

வலது பக்கம் உள்ளங்கையின் சுற்றுக்கோடு. பென்சிலைச் செங்குத்தாகப் பிடி, சாய்த்தால் விரலுக்கு அடியில் புகுந்து கை ஒல்லியாகிவிடும். ஓரத்தில் உயரம். எண்ணை மட்டும் எழுதாமல், போன வருஷத்தைவிட எத்தனை சென்டிமீட்டர் கூடியிருக்கிறாளோ அதே நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டி வெட்டி ஒட்டு. வழக்கமாக ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும், வயதுக்கு வரும் சமயத்தில் சட்டென்று நீளும். யுகேஜியில் தொடங்கி 13 பட்டி. செருப்பில்லாமல், குதிகால் சுவரில் பட, தலையில் கெட்டி அட்டைப் புத்தகம் வைத்து, காலையிலேயே அள. சாயங்காலம் எல்லோருமே கொஞ்சம் குறைவோம்.

ஒட்டுவதில்தான் நிறைய ஆல்பம் வீணாகிறது. செலோ டேப் மஞ்சளாகிக் கழன்றுவிடும், பசைக் கறை மட்டும் நிற்கும். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் தாள் அலையடிக்கும். மைதாப் பசையை இராமபாணப் பூச்சி தேடி வரும். லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. போட்டோவுக்கு மூலை மடிப்புதான் சரி: 3-க்கு 1.5 சென்டிமீட்டர் துண்டின் மேல் இரு மூலைகளையும் கீழ் விளிம்பின் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். மடித்த பக்கத்தில் குளூ ஸ்டிக் தடவி நான்கு மூலைக்கும் ஒட்டிப் போட்டோவைச் செருகு. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நம் பழக்கத்தில் ஓரத்தில் மஞ்சள் தடவத் தோன்றும். முதல் தாளின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள், அதன் மேல் ஒரு டிரேசிங் பேப்பரும் வை, இல்லாவிட்டால் மேலட்டையின் உட்பக்கத்தில் பதியும். வேப்பிலையைத் தாளுக்கு நடுவே வைக்காதே, கறை படியும்.

பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழே இருந்த ஆல்பங்கள்தான் முதலில் போயின. அப்படி நனைந்தால் ஈரமாக இருக்கும்போதே போட்டோக்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் காயவை. ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் இழுக்காதே. ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிடு.

சனிக்கிழமை பாரிமுனை போவதாக இருந்தால் முதல் நாளே போன் பண்ணு, நானும் வருகிறேன்.

அன்புடன்,
கல்யாணி