லைக்கா நிம்மதியா சாகல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சிறுவர் பக்கத்துல, விண்வெளிக்கு அனுப்பின ரஷ்ய நாய் லைக்கா பத்தி வந்த கட்டுரையில "ஒரு வாரம் பூமியைச் சுற்றிவிட்டு வலியின்றிக் கண் மூடியது"ன்னு போட்டிருந்தீங்க. அத வாசிச்சுட்டு என் பேத்தி "நல்லவேளை பாட்டி, அதுக்கு வலிக்கலையாம்"ங்கறா. அவகிட்ட நான் என்ன சார் சொல்றது?

1957 நவம்பர் 3 லைக்காவ ஏத்திக்கிட்டு சோவியத் விண்கலம் ஸ்புட்னிக் 2 கிளம்புச்சு, கிளம்பி அஞ்சுலேர்ந்து ஏழு மணி நேரத்துக்குள்ளயே லைக்கா செத்துப்போச்சு. சூட்டக் கட்டுப்படுத்துற ஏற்பாடு சரியா வேலை செய்யாம கேபின் 40 டிகிரிக்கு ஏறி, அந்த வேக்காட்டுலயும் பயத்துலயும் போச்சு. ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷென்கோவே 2002ல ஹூஸ்டன் மாநாட்டுல இத சொல்லிட்டார். அதுவரைக்கும் நாள்கணக்கா உயிரோட இருந்துச்சு, நோகாம போச்சுன்னு விதவிதமா சொல்லிட்டிருந்தாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா சார், தெரிஞ்சும் அந்தப் பழைய பொய்ய ஏன் பிள்ளைங்க கையில குடுக்கறீங்க?

சூட்டுல சாகறது எப்படின்னு நான் கண்ணால பாத்தவ. ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனப்ப எங்க மணிய ஒரு நாய் போர்டிங்ல விட்டிருந்தோம், தகர ஷீட் போட்ட ரூம், மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்னுருக்கு, யாரும் எட்டிப் பாக்கல. போன் வந்து ஓடினோம். நாக்கு கருஞ்சிவப்பா வெளிய தொங்குது, எச்சில் நூல் நூலா வடியுது, காத்துக்காக கதவு இடுக்குல மூக்க வச்சுத் தேச்சுத் தேச்சு தோலே உரிஞ்சிருந்துச்சு. "நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காதும்மா, மூச்சு இரைச்சுத்தான் சூட்ட வெளிய தள்ளணும், சுத்தி இருக்கற காத்தே கொதிச்சா அது என்ன பண்ணும்"னார் டாக்டர். அன்னைக்கு ராத்திரியே போயிட்டான். மணிக்காவது கதவு வரைக்கும் நகர இடம் இருந்துச்சு சார். லைக்காவ திரும்பி நிக்கக்கூட முடியாதபடி சங்கிலியில பூட்டியிருந்தாங்க, அதுவும் ராக்கெட் கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடியே உள்ள வச்சு.

திரும்பி வர வழியே வைக்காமத்தான் அனுப்பினாங்க. ரஷ்யாவோட அக்டோபர் புரட்சி 40வது ஆண்டு விழாவுக்குள்ள பறக்கணும்னு அவசர அவசரமா கட்டின கலம் அது. விஞ்ஞானத்துக்கு இதெல்லாம் தேவைதானேன்னு கேக்கறவங்களுக்கு, அந்த நாய்ங்களப் பழக்கின ஓலெக் கஸென்கோவே 1998ல, ஒரு நாய் உயிர் போற அளவுக்கு நாங்க அதுல பெருசா ஒண்ணும் கத்துக்கலைன்னு வருத்தப்பட்டார்.

இது முதல் தடவையும் இல்ல. முன்னாடி உங்க குவிஸ்ல விண்வெளிக்குப் போன முதல் உயிரினம் லைக்கான்னு விடை போட்டீங்க. 1947லயே அமெரிக்காக்காரங்க பழ ஈக்கள அனுப்பிட்டாங்க, 1949ல ஆல்பர்ட் 2ன்னு ஒரு குரங்கு போய், திரும்பறப்ப பாராசூட் விரியாம செத்துச்சு. பூமிய சுத்தின முதல் உயிர்னு போட்டிருந்தா சரி. அப்பவே எழுதினேன், நீங்க போடல. அதே மாசம் மைசூர்பாகுல சர்க்கரை அளவு தப்புன்னு வந்த திருத்தத்த கட்டம் கட்டிப் போட்டீங்க, அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

அப்புறம் 1961ல போன ஹாம் சிம்பன்சி படம், கீழ "வெற்றிச் சிரிப்பு"ன்னு எழுதியிருந்தீங்க. சிம்பன்சி பயந்தாத்தான் சார் அப்படிப் பல்ல இளிக்கும். தப்பா லீவர அழுத்தினா உள்ளங்கால்ல ஷாக் அடிக்கற மாதிரி பழக்கி அனுப்பின குட்டி அது. ஃபெலிசெட் பூனை 1963ல பத்திரமா திரும்பி வந்துச்சுன்னு எழுதினீங்க, ரெண்டு மாசம் கழிச்சு மூளைய ஆராயறதுக்காக அதக் கொன்னத எழுதல. எங்க கஷ்டமான இடம் வருதோ அங்க உங்க கட்டுரை முடிஞ்சிடுது.

பிள்ளைங்க பயந்துரும்னு நினைக்கறீங்களா? என் பேத்திகிட்ட உண்மையச் சொன்னேன், அழுதா, அப்புறம் உக்காந்து கேள்வி மேல கேள்வி கேட்டா.

நான் கேக்கறது ரெண்டு வரி திருத்தம். அடுத்த வாரம் அதே சிறுவர் பக்கத்துல, பிள்ளைங்க கண்ணுல படற எழுத்துல போடுங்க. பெரியவங்க பக்கத்து ஓரத்துல வேணாம், அங்க போட்டா அதுங்க வாசிக்காது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை