பழைய டிஸ்க்கில் புது விண்டோஸ் போடும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது. அதிலிருந்து பினாங்கு கடைத்தெருப் பக்கம் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். "டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டுக் கொடுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்பார்கள். நாங்கள் ஒரு நாள் அவகாசம் கேட்கிறோம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் டிஸ்க் இன்னும் உழைக்குமா என்று பார்க்கிறோம். கெட்டுப்போன செக்டர்கள் (தகவல் பதியும் சிறு பகுதிகள்) எத்தனை என்ற கணக்கை டிஸ்க்கே 'ஸ்மார்ட்' என்ற தன் உடல்நிலைப் பதிவில் வைத்திருக்கும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அதில் எதையும் போடமாட்டோம்.

அடுத்து உங்கள் கோப்புகள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்த ஓர் அக்கா, "உள்ளே ஒன்றுமில்லை, அழிச்சிடுங்க தம்பி" என்றார். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று டி டிரைவைத் திறந்தோம். அவருடைய அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அப்பா இப்போது இல்லை. அக்கா அங்கேயே அழுதுவிட்டார். அன்று முதல் எல்லா டிரைவையும் உங்கள் கண்முன்னே திறந்து காட்டாமல் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டு விழுந்திருந்தால் கோப்பை எடுக்க 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படலாம்; பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

அப்புறம்தான் அழிப்பு. பழைய டிஸ்க்குகள் பல எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டவை. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வழியாகக் கிளம்பும் கணினியில், ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஏறும். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் இந்த அமைப்பு மாறாது. வீட்டில் முயன்றவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் போடும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் கட்டளைச் சாளரத்தில் டிஸ்க்பார்ட் என்ற நிரலை ஓட்டி, அதில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன்', பிறகு 'கன்வர்ட் ஜிபிடி' கொடுத்தால் வழி திறக்கும். ஆனால் 'கிளீன்' என்று அடித்ததும் "நிச்சயமா?" என்று அது கேட்காது. டிஸ்க் எண் ஒன்று தவறினால் வேறொரு டிஸ்க் காலி. அதனால் மற்ற டிஸ்க்குகளையும் யூஎஸ்பி பென்டிரைவ்களையும் கழற்றி வைத்துவிட்டே தொடங்குகிறோம். விண்டோஸ் இருக்கும் பென்டிரைவ் மட்டும் செருகியிருக்கும். வீட்டில் செய்கிறவர்களும் தயவுசெய்து இப்படியே செய்யுங்கள்.

டிஸ்க்கை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சாதாரண விரைவு ஃபார்மட்டுக்குப் பிறகும் பழைய கோப்புகளைப் பல சமயம் மீட்க முடியும். ஹார்ட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதி அழிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்தவர்கள் தரும் அழிப்பு முறையே சரி.

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 கணினியில் இல்லையென்றால் அதைக் கட்டாயப்படுத்தி ஏற்ற மாட்டோம். இணையம், கடிதம், கணக்கு வழக்குக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் போதும். கடையில் ஓட்டிக் காட்டுகிறோம், பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

வரும்போது சார்ஜர், மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல், கோப்புகளைப் பிரதியெடுக்க ஒரு வெளி டிஸ்க், இந்த மூன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்