அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது?

திருவட்டாறு,
வியாழக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பும் உன் கூட்டுக்காரன் சனிக்கிழமை புறப்படுகிறான். ஏத்தங்காய் உப்பேரியும் கருப்பட்டியும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதமும் வருகிறது. நாள் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்வாய். அதற்குள் அப்பா போனை வாங்கி, அங்கே வெயில் எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இது யாரும் குறுக்கிடாமல் நான் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அந்தக் குணம் ஓய்வு பெற்றாலும் போகாது.

போன வாரம் தெற்கு வீட்டுக் கல்யாணப் பேச்சு வந்தபோது நீ சொன்னாய்: “என்னதான் இருந்தாலும் அந்த ஆட்களை ஓர் அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும் அம்மா. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.” சொல்லிவிட்டு, நெட்வொர்க் சரியில்லை என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். சண்டை போட வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை என்பதைப் போலச் சொன்னாய்.

முதல் பாதியைவிட அந்த இரண்டாம் பாதிதான் என்னை உறுத்தியது. கணக்கைத் தானே போட்டவனிடம் கேட்டால் வழியைச் சொல்வான். பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதியவன் விடையை மட்டும் சொல்வான். “எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்பது விடை மட்டும். வழி எங்கே, மக்களே? யாராவது உன் முன்னால் வந்து உட்கார்ந்து இதை வாதாடியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். அப்பாவிடமே சரிக்குச் சரி நின்றவன் நீ. யாரும் வாதாடாததால்தான் அது உள்ளே போய்விட்டது.

பி.எட். படித்தபோது கல்வி உளவியல் பாடத்தைப் பரீட்சைக்காகத்தான் படித்தேன். பிடித்துப்போனது என்னவோ பிறகுதான். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆழ்மனத்தை வசப்படுத்திக் கோடீஸ்வரன் ஆவது எப்படி என்று பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் புத்தகங்களை நான் சொல்லவில்லை. அவை எனக்கு ஆகாது. ஆழ்மனத்துக்குள் யாரோ இரகசியமாகக் கட்டளை போடுகிறார்கள் என்ற கதையும் அந்த ரகம்தான். 1957-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் விக்கரி என்ற விளம்பரக்காரர், சினிமாத் திரையில் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ‘பாப்கார்ன் தின்னுங்கள்’ என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார். உலகமே அரண்டுபோனது. சில ஆண்டுகளில், அது வியாபாரத்துக்காகச் செய்த ஜோடனை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒளித்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பட்டப்பகலில் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

1977-இல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். சில மெய், சில பொய். இரண்டு வார இடைவெளியில் மேலும் இரண்டு தடவை அவர்களை அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சில பழைய வாக்கியங்களைப் புதியவற்றோடு கலந்துவிட்டார்கள். திரும்ப வந்த வாக்கியங்களுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. மெய்க்கும் ஏறியது, பொய்க்கும் ஏறியது. ஏற்கனவே கேட்ட ஒன்றை மறுபடி கேட்கும்போது மூளைக்கு வேலை குறைவு. அந்தச் சுலபத்தை ‘இது சரிதான்’ என்பதற்கு அடையாளமாக மனம் எடுத்துக்கொள்கிறது.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்காதே. 2015-இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சேலை என்று ஒரு வாக்கியம். நம் ஊரில் இதைச் சொன்னால் பால்வாடிக் குழந்தைகூடச் சிரிக்கும். அந்தப் பாவாடைக்குச் சரியான பெயர் தெரிந்தவர்களுக்கும், இதுபோன்ற வாக்கியங்களை முன்பே ஒரு தடவை வாசித்திருந்தால், இரண்டாம் தடவையில் பொய்யின்மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடிவிட்டது. தெரிந்திருந்தும் கூடியது! சேலை விஷயத்திலேயே இப்படி என்றால், அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றித் தினம் ஒன்றாகக் கேட்கிறவனுக்கு என்ன ஆகும்?

நீ கேட்கும் இடமும் எனக்குத் தெரியும். உன் அறையில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு உனக்கு. இரவுப் பணி முடிந்து வந்தால் பேச ஆளில்லை. மற்றவர்கள் தூங்குகிறார்கள் அல்லது வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன்தான் துணை. கண் செருகும்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாய். ஒன்றின்மேல் கொஞ்சம் நின்று பார்த்தால் அதே ரகத்தில் இன்னும் பத்து வரும். போன் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே உன் பெரிய மாமா அனுப்புகிறவற்றை நானும் பார்க்கிறேன். எங்கோ வடக்கே நடந்த ஓர் அடிதடி வீடியோ, மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் நடந்ததாக வந்தது. அதே வீடியோ சில மாதம் கழித்துக் குளச்சலில் நடந்ததாக வந்தது. மாமா பொய்யர் இல்லை. வந்ததை அனுப்புகிறார், நாம் வந்ததைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்கிறேன். ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண்மணி சிகிச்சையில் இருந்தார். புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்காது. தினமும் பார்க்கும் மருத்துவரையே தினமும் புதியவராகத்தான் பார்ப்பார். ஒரு நாள் கிளாபரேட் விரல்களுக்கு நடுவே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடைய கையைக் குலுக்கினார். குத்தியது கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது. மறுபடி மருத்துவர் கையை நீட்டியபோது அந்த அம்மாள் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், சில நேரம் கைக்குள் ஊசியை ஒளித்து வைத்திருப்பார்கள் என்று பொதுவாக ஒரு காரணம் சொன்னாரே தவிர, தனக்குக் குத்தியது நினைவில்லை. கிளாபரேட் இதை 1911-இல் எழுதி வெளியிட்டார். அந்தப் பொதுக் காரணத்தைக் கவனி. உன் “எல்லோருக்கும் தெரிந்ததுதானே” அதுதான்.

ஆனால் உனக்கு எந்த ஊசியும் குத்தவில்லை. குத்தியது எங்கள் காலத்தில். 1982 மார்ச்சில், மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடையின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, கடற்கரை ஊர்களுக்கும் பரவியது, பிறகு நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. நான் அப்போது திங்கள்சந்தையில் அம்மா வீட்டில் இருந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை. பகலில் பார்த்தது கொஞ்சம்தான். இரவில் கேட்டதுதான் அதிகம். கிணற்றடியில் ஒருத்தி சொல்வாள், வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி சொல்வாள், விடிவதற்குள் அதே செய்தி நாலு பேர் வாய்க்குப் போய்விட்டு எங்களிடமே திரும்பி வரும். அப்படியானால் உண்மைதான் என்று பெரியவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு பக்கத்திலும் இதே கதைதான். பின்னாளில் அந்தப் பக்கத்துத் தோழிகளிடம் கேட்டபோது, அவர்கள் வீட்டுக் கிணற்றடியிலும் எங்களைப் பற்றி அச்சு அசலாக இதே பேச்சு ஓடியிருக்கிறது. நீ பிறந்தது அதற்குப் பத்து வருடத்துக்கும் பிறகு. யாருக்கோ குத்தியதற்கு நீ கையை இழுக்கிறாய்.

இனி, நாங்கள் சொல்லித் தராமலே உனக்குள் போனவற்றைச் சொல்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒற்றுமை என்று உன்னிடம் நானோ அப்பாவோ பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. பள்ளியில் உறுதிமொழி சொல்லிக் கொடுத்தார்கள். கையை நீட்டிக்கொண்டு பின்வரிசையில் நீ அடித்த கூத்துக்கு எனக்குப் புகார் வந்தது. அது உள்ளே போகவில்லை என்று நினைக்கிறேன். உள்ளே போனது தெற்கு வீட்டு மாமாதான். நாலு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டக் கிளம்பும் மனிதர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அவருக்கு அந்த நேரம். விடுமுறை நாளில் நீயும் பின்னாலேயே ஓடுவாய். முந்தைய வெட்டின்மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் மாதிரி உரித்து உருட்டி உருட்டிப் பந்து செய்வாய். சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது உன் வேலை. பட்டையை எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று அவர் உனக்கு வாயால் சொல்லிக் கொடுத்ததை நான் கேட்டதில்லை. இருந்தும் போன லீவில் நாம் குலசேகரம் போகும் வழியில், பஸ் ஜன்னலிலிருந்தே ஒரு தோட்டத்தைப் பார்த்து, “கத்தி மரத்தில் பட்டிருக்கிறது, பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்” என்றாய். எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டதற்கு விழித்தாய். நினைவிருக்கிறதா?

பாத்திரமும் அப்படித்தான். கார்த்திகைக்குத் தெரளி இலைக் கொழுக்கட்டை ஒரு வீட்டிலிருந்து போகும், கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் மறு வீட்டிலிருந்து வரும். (எது எந்த வீடு என்பது உனக்குத் தெரியும், இந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கினால் அவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.) வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லையென்றால் நாலு மட்டிப் பழம், அதுவும் இல்லையென்றால் ஒரு கை சீனி. சுமந்துகொண்டு போகிறவன் நீதான். மாமி பேர் எழுதிய அந்தத் தூக்குவாளி எங்கள் அடுக்களையில் எத்தனை நாள் கிடந்ததோ, எங்களுடையது அங்கே எத்தனை நாள் கிடந்ததோ, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உன் அறையில் யாராவது டப்பாவில் சாப்பாடு கொடுத்தால் நீ அதைக் கழுவி வெறுமனே கொடுக்க மாட்டாய் என்று உன் கூட்டுக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே உனக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒன்று கையில் இருக்கிறது, ஒன்று வாயில் வந்துவிட்டது. வாயில் வந்தது பின்னால் வந்தது, அவ்வளவு வேர் பிடித்திருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் இரவுதோறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் பிடித்துவிடும்.

போனைத் தூக்கி எறி என்று சொல்ல மாட்டேன். பிறகு நானும் உன்னோடு பேச முடியாது. கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் சார்ஜ் போடு, அது போதும். இருபத்தொரு நாளில் பழக்கம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இலண்டனில் செய்த ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நீ எந்தப் பக்கமோ!

இன்னும் ஒன்று செய்யலாம். ஒரு செய்தியை முதல் தடவை பார்க்கும்போதே ‘இது உண்மையா?’ என்று நிறுத்திக் கேட்டவர்களிடம், திரும்பக் கேட்பதால் வரும் அந்த மயக்கம் பெரும்பாலும் எழவில்லை என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நிபந்தனை உண்டு: அந்த விஷயத்தைப் பற்றி அவருக்கு முன்பே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அந்தக் கேள்வி உதவாது. உன்னிடம் கேட்கிறேன், பெரிய மாமாவின் வீடியோவில் வரும் ஆட்களைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாதா? நீ யாருடைய பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஓடினாய்?

பதில் போனில் வேண்டாம். முடிந்தால் நீயும் எழுது. அந்த வாக்கியத்தை முதலில் எங்கே கேட்டாய் என்று யோசித்துப் பார்த்து, தெரிந்தால் அதை மட்டும் எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது.

கல்யாணம் ஆவணியில்தான், தேதி இன்னும் குறிக்கவில்லை. உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று மாமா நேற்றும் வந்து கேட்டார். பந்திக்குப் பரிமாற ஆள் நிற்க வேண்டுமாம், உன்னைத்தான் கணக்கில் வைத்திருக்கிறார். சீக்கிரம் சொன்னால் அவர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டலாம். டிக்கெட் திருவனந்தபுரத்துக்கே போடு. கொச்சியில் இறங்கினால் கட்டணம் குறைவு என்று போன தடவை மாதிரி அலையாதே.

அன்புடன்,
அம்மா